குவைத் ஏன் பின்தங்கியது?

ஒரு குவைத் தினாருக்கு 270 ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. அந்த நாட்டைப் போய்ச் சரிந்துவரும் நாடு என்றால் மங்காஃபிலும் ஹசாவியிலும் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களே சிரிப்பார்கள். பணம் குறையவில்லைதான். ஆனால் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் சரிவு தெரியும். 1950களில் துபாயில் பள்ளிக்கூடங்களுக்குப் பணமும் ஆசிரியர்களும் அனுப்பியது குவைத். துபாய்க் கழிமுகத்தைத் தூர்வார ஷேக் ராஷித் கடன் வாங்கியதும் அங்கேதான். எண்ணெய்ப் பணத்தை முதலீடு செய்ய 1953லேயே லண்டனில் வாரியம் அமைத்தார்கள். 1963ல் தேர்தல் நடத்தி நாடாளுமன்றமும் கூட்டினார்கள். இன்று விமானம், துறைமுகம், வர்த்தகம் எல்லாவற்றிலும் துபாயும் தோஹாவும் எங்கோ போய்விட்டன. குவைத் அரசோ இன்னும் எண்ணெய் வருமானத்தை நம்பித்தான் காலம் தள்ளுகிறது.

1990ல் சதாம் உசேன் படையெடுத்ததைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. கிணறுகள் எரிந்தன, நாடே சூறையாடப்பட்டது, மறுக்க முடியாது. ஆனால் அது முடிந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. கோளாறு ஆட்சி அமைப்பில் இருக்கிறது என்பது என் கணிப்பு. 2024 வரை நாடாளுமன்றத்துக்கு 50 உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுத்து வந்தார்கள். பிரதமரை மன்னரான அமீர் நியமிப்பார், அந்தப் பிரதமரும் ஆளும் அல் சபா குடும்பத்தவராகவே இருப்பார். கட்சிகளுக்குச் சட்ட அங்கீகாரம் கிடையாது. எத்தனை ஓட்டு வாங்கினாலும் ஆட்சி அமைக்க முடியாத உறுப்பினர் என்ன செய்வார்? அமைச்சரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டு ராஜினாமா செய்யவைப்பார். தொகுதிக்காரருக்கு 'வாஸ்தா' (சிபாரிசு) பிடித்து அரசு வேலை வாங்கித் தருவார். கடன் தள்ளுபடி கேட்பார். நமக்குப் பழகிய காட்சிதான். அரசும் சம்பளத்தையும் மானியத்தையும் கூட்டிக் கொடுத்து அமைதியை வாங்கியது. விளைவு, வேலையில் இருக்கும் குவைத்தியரில் பத்துக்கு எட்டுப் பேர் அரசு ஊழியர்கள். பட்ஜெட்டில் சுமார் 80 சதவீதம் சம்பளத்துக்கும் மானியத்துக்குமே போகிறது.

இந்த இழுபறிக்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 2008 டிசம்பரில் அமெரிக்காவின் டவ் கெமிக்கலுடன் போட்ட 1,740 கோடி டாலர் கூட்டுத்தொழில் ஒப்பந்தத்தை, உறுப்பினர்களின் எதிர்ப்புக்குப் பயந்து அரசு கடைசி நேரத்தில் ரத்து செய்தது. விலை அதிகம் என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் கையெழுத்துக்குப் பிறகு வந்த அந்த ஞானத்துக்கு 2013ல் சுமார் 220 கோடி டாலர் நஷ்டஈடு கட்ட வேண்டியதாயிற்று. 2020ல் நடந்தது இதைவிட விசித்திரம். அரசு கடன் வாங்க அனுமதிக்கும் சட்டம் 2017லேயே காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க நாடாளுமன்றம் மறுத்தது. வருங்காலத் தலைமுறை நிதியில் சட்டப்படி கைவைக்க முடியாது. பல்லாயிரம் கோடி டாலர் முதலீடு வைத்திருந்த நாட்டின் நிதியமைச்சர், அக்டோபருக்குப் பிறகு சம்பளம் போடக் கையில் ரொக்கம் போதாது என்றார். பெரிய திட்டங்களின் கதியும் இதுதான். 2019ல் குவைத் நகரிலிருந்து சுபியாவுக்கு 36 கிலோமீட்டர் கடற்பாலம் திறந்தார்கள், உலகின் மிக நீளமான பாலங்களில் ஒன்று. அக்கரையில் எழும்ப வேண்டிய 'பட்டு நகரம்' என்ற திட்ட நகரம் இன்னும் எழும்பவில்லை. பாலம் இறங்குமிடத்தில் பெரும்பாலும் மணல்.

அப்படியானால் நாடாளுமன்றமே வேண்டாம், அது இல்லாமல்தானே அமீரகம் முன்னேறியது என்று கேட்கலாம். அமீர் ஷேக் மிஷாலும் அப்படித்தான் நினைத்தார். 2024 மே மாதம் அவையைக் கலைத்து, நான்கு ஆண்டுகள் வரை நிறுத்திவைத்தார். ஓராண்டுக்குள் பலனும் தெரிந்தது: 2025 மார்ச்சில் கடன் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 1976லும் 1986லும் இப்படியே அவையை மூடினார்கள், வருடக்கணக்கில் திறக்கவில்லை. அப்போதும் எண்ணெய்க்கு மாற்றான தொழில் எதுவும் வளரவில்லை. தடுக்க ஆளில்லாதபோதும் செய்யாதவர்கள், தடுத்தார்கள் என்று மட்டும் எப்படிக் குறை சொல்ல முடியும்? அமைச்சர்களின் முறைகேடுகளைப் பகிரங்கமாகக் கேட்க வளைகுடாவில் இருந்த அபூர்வமான மேடையும் 2024ல் அவையோடு போயிற்று. வாங்கும் கடன் சம்பளத்துக்கே போனால் சிக்கல் தள்ளிப்போகுமே தவிரத் தீராது.

குவைத்துக்கு விசா எடுக்க நினைப்பவர்கள் தினாரின் மதிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சம்பளச் செலவு முட்டும்போதெல்லாம் அங்கே முதலில் கிளம்பும் கோரிக்கை வெளிநாட்டவர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதே.