சிரிப்பும் ஒரு கைமுதல்

பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் விடியற்காலையில் தப்பு ஒலித்தால், பிரட்டுக்களத்துக்கு வா என்று பொருள். மாசி மாத இரவில் அதே தப்பு ஒலித்தால், காமன் கூத்துக்கு வா என்று பொருள். முதல் அழைப்புக்கு ஆட்கள் பயந்து வந்தார்கள். இரண்டாவதற்கு ஆசையோடு வந்தார்கள். ஒரு குழுவை நடத்துபவர் கவனிக்க வேண்டிய வித்தியாசம் இது.

கூத்தில் இருந்த தலைமைத்துவம்

மாசி அமாவாசை கழிந்ததும் காமன் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டி, சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதோடு கூத்து முடியும். பகலெல்லாம் மலையில் வேலை செய்தவர்களே இரவில் ஆடினார்கள். பேர் போடுவோர் இல்லை. அரைப்பேர் என்று வெட்டுவோரும் இல்லை. கூத்தைப் பழக்கும் மாஸ்டர், தப்படிப்பவர், பாடுபவர், ரதி வேடம் கட்டும் இளைஞர், லயம் லயமாகக் காசு சேர்ப்பவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. தப்படிப்பவரைச் சாதி சொல்லி ஒதுக்கிய குறையும் அங்கே இருந்தது. அதை நாம் தொடர வேண்டியதில்லை.

மலையகப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1987இல் நூலாக வந்தது. கங்காணியையும் துரையையும் கேலி செய்யும் பாடல்கள் மலையகத்தில் பல உண்டு. நேரே சொல்ல முடியாத முறைப்பாட்டை மக்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யரின் கூட்டங்களில் அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாடினார். பேச்சுக்கு வரத் தயங்கியவர்களும் பாட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் சங்கத்தை அறிந்தார்கள்.

இடம்பெயர்ந்த பின்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியது. தப்பியவர்களுக்கான வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. இப்படிப்பட்ட வேளையில் வீட்டோடும் தோட்டத்துண்டோடும் இன்னொன்றும் போய்விடுகிறது: பக்கத்து வீட்டாருடன் கூடிச் சிரித்த பழக்கம். புதிய இடத்தில் அயலவர் பெயரே தெரியாது. வடிகால் அடைத்தால் யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியாது. ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்தவர்களைச் சிரமதானத்துக்குக் கூப்பிடுவது எளிது. முகம் தெரியாதவர்களைக் கூப்பிடுவது கடினம்.

குழுவை நடத்துவோருக்குச் சில யோசனைகள்:

1. ஒரு வேலை முடிந்ததும் அனைவரும் சேர்ந்து அதைப் பாருங்கள். வெட்டிய வாய்க்காலில் முதல் தண்ணீர் ஓடும்போது வெட்டியவர்கள் அங்கே நிற்கட்டும். யார் என்ன செய்தார் என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

2. உங்களைக் கேலி செய்தால் சேர்ந்து சிரியுங்கள். எளியவரைக் கேலி செய்தால் உடனே நிறுத்துங்கள்.

3. துக்கத்தில் இருப்பவரைச் சிரிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவருக்கும் ஒரு இடம் விட்டு வையுங்கள்.

4. கூடிச் சாப்பிடும் நாள் பெண்களுக்கு இன்னொரு வேலைநாளாகக் கூடாது. ஆண்களும் அடுப்படிக்குப் போகட்டும்.

5. பழைய கூத்தும் பாட்டும் தெரிந்த பெரியவர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். மகிழ்ச்சி கூலிக்கு ஈடாகாது. காணி உறுதிக்கும் ஈடாகாது. மடுவத்துத் தராசு குறைத்துக் காட்டினால் அங்கே பாட்டு வைப்பதில் பயனில்லை, தராசைத்தான் திருத்த வேண்டும். கணக்கை மறைக்கும் தலைவர் விழா எடுத்தால் மக்கள் அதை விளங்கிக்கொள்வார்கள். கணக்கு நேராக இருக்கும் இடத்தில்தான் சிரிப்பு நிலைக்கும்.

உரிமை கேட்டு அலைய வேண்டிய நாட்கள் நீளமானவை. பிரதேச செயலகத்துக்கு இன்று போய் நாளை வா என்ற பதிலோடு திரும்புபவர் தனியாள் என்றால் மூன்றாம் முறை போக மாட்டார். கூடிச் சென்று, வழியில் பேசிச் சிரித்துத் திரும்பியவர்கள் நான்காம் முறையும் போவார்கள். அந்தப் பலத்தைத் தரும் கைமுதல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் செலவிடத் தயங்காதிருப்போம்.