ஊக்கி மாற்றியும் அதன் அடைப்பும்

புல்மோட்டைக் கடற்கரையின் மணல் ஏனைய கரைகளின் மணலைப் போன்று வெண்மையாயிராது கருமை படர்ந்து கிடப்பதை யாவரும் அறிவர். அக்கருமைக்கு முதற் காரணம் இல்மனைற்று என்னும் கனியமாகும். அதனோடு உரூற்றைல், சிர்க்கோன் என்பனவும், மிகச் சிறிதளவில் மொனசைற்றும் அம்மணலிற் கலந்துள்ளன. 1957ஆம் ஆண்டில் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்ட பின்னர், இம்மணல் காந்தத்தாலும் மின்னாலும் வகைபிரிக்கப்பட்டுப் பிறநாடுகளுக்குக் கப்பலேறும் பண்டமாயிற்று. சிர்க்கோனிலிருந்து சிர்க்கோனியமும், மொனசைற்றிலிருந்து சீரியமும் பெறப்படுகின்றன. இவ்விரு மூலகங்களின் ஒட்சைட்டுக்களும் இன்றைய பெற்றோல் வண்டிகளின் அடியில் ஒரு சிறு தகரப் பேழையினுள் இருந்து தொழில் புரிகின்றன என்பதைப் பலர் அறியார். அப்பேழையே ஊக்கி மாற்றி எனப்படுவது. கராச்சுகளில் அது கொன்வேட்டர் என்றே வழங்கும்.

இம்மாற்றி சில வேளைகளில் அடைபட்டு விடுகின்றது. அடைபட்ட வண்டி ஏற்றத்தில் இழுக்காது, விரைவு கூடாது, எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும், ஈற்றில் நின்றுவிடுதலும் உண்டு. புதிய மாற்றி பெருவிலையுடையதாகையால், வீட்டிலேயே அதனைத் துப்புரவு செய்ய இயலுமா என்னும் வினா எழுவது இயல்பே. இயலும் என்போரும் இயலாது என்போரும் உளர். இரு சாராரும் ஒருவகையில் உண்மையே கூறுகின்றனர். அடைத்திருக்கும் பொருள் யாது என்பதைப் பொறுத்தே விடை அமையும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரசாயனத் தாக்கமொன்றை விரைவுபடுத்தித் தான் முடிவில் மாறாது நிற்கும் பொருளை ஊக்கி என்பர். இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு 1835ஆம் ஆண்டில் முதன்முதற் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் பேசீலியசு. மோட்டார் வண்டியின் புகையைத் தூய்மையாக்க ஊக்கியைப் பயன்படுத்தலாம் என்று முயன்றவர் யூஜீன் ஊட்றி என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர். அமெரிக்காவிற் குடியேறிய அவர் 1950களில் அத்தகைய கருவியொன்றை ஆக்கினார். ஆயின் அக்காலத்துப் பெற்றோலிற் சேர்க்கப்பட்ட ஈயம் ஊக்கியின் மேற் படிந்து அதனைச் செயலறச் செய்தது. ஈயம் நீங்கிய பெற்றோல் வந்த பின்னரே, 1975ஆம் ஆண்டு முதல் அமெரிக்க வண்டிகளில் மாற்றி பரவலாகப் பொருத்தப்பட்டது. இந்தியாவில் 1995இல் சென்னை முதலிய நான்கு பெருநகரங்களின் புதிய பெற்றோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது.

இனி மாற்றியின் அமைப்பை நோக்குவோம். துருப்பிடியா உருக்காலான கூட்டினுள், கோடியரைற்று என்னும் பீங்கான் வகையால் ஆகிய கட்டியொன்று பொருத்தப்பட்டுள்ளது. அக்கட்டி தேன்கூட்டைப் போன்று ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நுண்ணிய துளைகளை உடையது. ஒரு சதுர அங்குலத்தில் ஏறக்குறைய 400 துளைகள் அமைந்திருத்தல் வழக்கம். துளைகளின் சுவர்கள்மீது அலுமினியமொட்சைட்டு மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டுள்ளது. சொரசொரப்பான அப்பூச்சில் பிளாற்றினம், பலேடியம், உரோடியம் ஆகிய அருமணி நிகர்த்த உலோகங்கள் நுண்டுகள்களாகத் தூவப்பட்டிருக்கும். அவற்றின் மொத்த நிறை சில கிராம்களே. அதே பூச்சிலேதான் சீரியம், சிர்க்கோனியம் என்பவற்றின் ஒட்சைட்டுக்களும் இடம்பெறுகின்றன.

எஞ்சினிலிருந்து வரும் புகையில் காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன்கள், நைதரசன் ஒட்சைட்டுக்கள் என மூவகை நச்சு வாயுக்கள் உள்ளன. முதலிரண்டும் மாற்றியில் ஒட்சிசனை ஏற்றுக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறுகின்றன. மூன்றாவது தன் ஒட்சிசனை இழந்து வெறும் நைதரசனாகின்றது. ஒன்றுக்கு ஒட்சிசன் வேண்டும்; மற்றொன்றுக்கு ஒட்சிசன் மிகலாகாது. இம்முரணைத் தீர்ப்பது சீரியமொட்சைட்டு. புகையில் ஒட்சிசன் மிகும்போது அதனைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொண்டு, குறையும்போது திருப்பி வழங்கும் களஞ்சியம் அது. சிர்க்கோனியமொட்சைட்டு அக்களஞ்சியம் வெப்பத்தாற் சிதையாது காக்கின்றது. இவையாவும் நிகழ்வதற்கு மாற்றி ஏறக்குறைய 250 முதல் 300 பாகை சதமவளவு வரையேனும் சூடாதல் வேண்டும். குளிர்ந்த மாற்றி தொழில் செய்யாது.

ஊக்கி செலவாகாத பொருளெனில் மாற்றி பழுதடைவது எங்ஙனம்? அதற்கு வரும் கேடுகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது கரிப்படிவு. பெற்றோல் மிகுந்தும் காற்றுக் குறைந்தும் எரியும்போது கரி தோன்றித் துளைகளை மூடுகின்றது. பெற்றோலுடன் மண்ணெண்ணெயைக் கலப்பதும், எஞ்சின் சூடேறுமுன் நிறுத்திவிடும் சிறு தூர ஓட்டங்களும் இதனை வளர்க்கும். இரண்டாவது நச்சூட்டம். எஞ்சின் எண்ணெயிற் சேர்க்கப்படும் பொசுபரசும் நாகமும், எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கியதும், புகையோடு வந்து பூச்சின்மேற் கண்ணாடி போலப் படிகின்றன. மூட்டுக்களில் அளவின்றிப் பூசப்படும் சிலிக்கோன் பசையும் இத்தகைய தீமையைச் செய்யும். மூன்றாவது உருகுதல். பிளக்கொன்று பற்றாதுவிடின் எரியாத பெற்றோல் முழுவதும் மாற்றியினுட் சென்று அங்கே எரிகின்றது. வெப்பம் 1000 பாகையைக் கடந்ததும் பூச்சு சுருங்கி ஊக்கியின் திறன் கெடும்; மேலும் ஏறின் தேன்கூடே உருகிக் கட்டியாகிவிடும். மாரியில் வெள்ளம் பாயும் தெருவிற் சூடான மாற்றி திடீரென நனையின் பீங்கான் வெடித்து, உடைந்த துண்டுகள் வழியை அடைத்தலும் உண்டு.

இம்மூன்றனுள் கரி ஒன்றே வீட்டில் நீக்கத் தக்கது. நச்சுப் படிவு சாதாரண நீருக்கும் சவர்க்காரத்துக்கும் அசையாது. உருகியதைத் திரும்பத் தேன்கூடாக்குதல் எவராலும் இயலாது. ஆதலின் மருந்தைத் தேடுமுன் நோயை அறிதல் வேண்டும்.

முதலில் அடைப்பு உண்டா என்பதை உறுதி செய்க. காற்று வடிகட்டியும் எரிபொருள் வடிகட்டியும் அடைபட்டாலும் வண்டி இவ்வாறே சோர்வடையும்; அவற்றை முதலிற் பார்த்தல் செலவற்ற வழி. பின்னர், எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கையில், மாற்றிக்கு முன்னுள்ள ஒட்சிசன் உணரியைக் கழற்றி அத்துளையில் அமுக்கமானி ஒன்றைப் பொருத்துவித்தல் நன்று. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை இறாத்தலுக்கும், நிமிடத்துக்கு 2500 சுற்றில் மூன்று இறாத்தலுக்கும் மேற்படின் புகையின் வழி தடைப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம். குளிர்ந்த மாற்றியை றப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது உள்ளே கலகலவென ஒலிக்குமாயின் பீங்கான் உடைந்துவிட்டது. அதற்குத் துப்புரவு பயன்தராது. கணினிக் கருவியிற் பி 0420 என்னும் குறி தோன்றுவதை அடைப்பென்று கருதுவோர் பலர். அது ஊக்கியின் திறன் குறைந்ததை உணர்த்தும் குறியேயன்றி அடைப்பை உணர்த்துவதன்று.

அடைப்பு உறுதியான பின்பும் மாற்றியைத் தொடுமுன் அதற்கு முன்னுள்ள பிழையைத் திருத்துக. பற்றாத பிளக், ஒழுகும் எரிபொருட் செலுத்தி, எண்ணெய் குடிக்கும் எஞ்சின், பழுதான உணரி ஆகியவற்றுள் ஒன்று அங்கே இருத்தல் கூடும். கூரை ஒழுகும்போது நிலத்தை மட்டும் துடைப்பவன் நாள்தோறும் துடைத்துக்கொண்டே இருப்பான்.

அடைப்பு சிறிதாயின் ஓட்டமே அதற்குச் சிறந்த மருந்து. கரி எண்ணெயிலோ தின்னரிலோ கரைவதன்று. ஒட்சிசனும் ஏறக்குறைய 600 பாகை வெப்பமும் கிடைப்பின் அது எரிந்து வாயுவாகிவிடும். பிளக்குகள் யாவும் செவ்வனே பற்றுகின்றன என்பதை அறிந்தபின், எஞ்சினை நிமிடத்துக்கு 2500 முதல் 3000 சுற்றில் வைத்து, சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் அரை மணிநேரமளவு இடையறாது ஓட்டுதல் வேண்டும். இடையிடையே கால் மிதியை விட்டு வண்டியைத் தானே ஓடவிடின் மாற்றிக்கு ஒட்சிசன் மிகுதியாகக் கிடைக்கும். புல்மோட்டையிலிருந்து திருகோணமலை செல்லும் நெடுந்தெரு இதற்கு மிகவும் ஏற்றது. சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியைக் கிழமைக்கு ஒருமுறை இவ்வாறு ஓட்டின் கரி சேருதலே குறையும்.

இதனாலும் தீராவிடின் மாற்றியைக் கழற்றிக் கழுவலாம். வண்டியை வெறும் ஜக்கில் நம்பி நிறுத்தாது உறுதியான தாங்கிகள்மேல் ஏற்றி, புகைக்குழாய் முற்றாகக் குளிர்ந்த பின்னரே வேலையைத் தொடங்குக. துருவேறிய ஆணிகளுக்கு முதல்நாளே எண்ணெய் விட்டு வைத்தல் நலம். உணரிகளைக் கழற்றி அப்பால் வைக்க, அவை நனையலாகாது. மாற்றியின் ஒரு வாயில் விளக்கைப் பிடித்து மறுவாயால் நோக்குக. ஒளி சீராகத் தெரியின் அடைப்பு அங்கில்லை. உருகிய கட்டியோ உடைந்த துண்டோ தெரியின் கழுவுதல் வீண். கரி மட்டுமே தெரியுமாயின், சவர்க்காரம் கரைத்த வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் புகை வெளிச்செல்லும் வாயிலிருந்து உட்புகும் வாயை நோக்கி மெல்லிய நீரோட்டத்தால் அலசுக. ஓடும் நீர் தெளிந்த பின்னர் வெயிலில் ஓரிரு நாள் நன்றாக உலர்த்தி, புதிய மூட்டுத் தகடிட்டுப் பொருத்துக. கழுவிய கருநீரைக் கிணற்றருகிலும் வாய்க்காலிலும் ஊற்றலாகாது. தூசு பறக்கும் வேலைகளில் மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொள்ளுதல் இன்றியமையாதது. பீங்கான் தூசு நுரையீரலுக்குப் பகை.

செய்யத் தகாதனவும் சில உள. அமுக்க நீர்க் குழாயைக் கட்டியின்மேற் பாய்ச்சின் கரியோடு பூச்சும் உதிர்ந்துவிடும். துளை திறக்கும், ஊக்கி போய்விடும். கம்பியாற் குத்துதலும் அவ்வாறே. கடும் அமிலங்கள் பூச்சைக் கரைக்கும். பெற்றோற் தாங்கியில் தின்னர் ஊற்றும் வழக்கம் றப்பர்க் குழாய்களைக் கெடுப்பதோடு தீ விபத்துக்கும் இடமளிக்கும். ஓடி நின்ற வண்டியைக் காய்ந்த புல்லின்மேல் நிறுத்துதலும் ஆபத்தானது. மாற்றியின் சூட்டினாற் புல் பற்றிய நிகழ்ச்சிகள் பல நாடுகளில் உண்டு.

இவை யாவற்றினும் பெருந்தீமை ஒன்றுண்டு. அஃது அடைபட்ட தேன்கூட்டை உடைத்தெறிந்துவிட்டு வெறுங்கூட்டை மீண்டும் பூட்டிவிடுதல். அதனுள் உள்ள உலோகங்களுக்கு விலையுண்டாகையாற் பழைய கட்டியை வாங்குவோரும் உளர். வண்டியும் உடனே விரைந்தோடும். ஆதலின் உடைமையாளருக்கு இது இருமடங்கு இலாபமாகத் தோன்றும். ஆயின் அன்றுமுதல் அவ்வண்டியின் நச்சுப்புகை முழுவதும் மாற்றமின்றி வெளியேறும். காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அது இணைவதால், உடல் ஒட்சிசனின்றித் தவிக்கும். மூடிய கொட்டகையில் ஓடும் எஞ்சின் உயிரைக் குடித்த செய்திகள் எந்நாட்டிலும் உண்டு. திறந்த வெளியிலும், பாடசாலை வாயிலில் எஞ்சினை நிறுத்தாது காத்துநிற்கும் வண்டிகளின் புகைபோக்கிகள் சிறுவரின் மூக்குக்கு எவ்வளவு அண்மையில் உள்ளன என்பதை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் தொடங்கிய புகைப் பரிசோதனை பெற்றோல் வண்டிகளில் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபன்களையும் அளக்கின்றது. அப்பரிசோதனை ஆண்டுக்கு ஒருநாள். மூச்சு விடுதலோ நாள்தோறும்.

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி தடைசெய்யப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே தனியார் வண்டிகள் மீண்டும் வரத் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளையே பேணி ஓட்டும் நிலை எங்கும் ஏற்பட்டது. அவ்வண்டிகள் இன்னும் நெடுங்காலம் நம் தெருக்களில் ஓடும். அவற்றைப் பழுதுபார்க்கும் இளைஞருட் பலர் நம் வகுப்புகளில் இரசாயனம் பயின்றவர்களே. ஊக்கி என்னும் சொல்லைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தவர், அதே ஊக்கி தம் கையில் கரிபடிந்து கிடக்கும்போது அதனை அடையாளங் காணாது கம்பியாற் குத்துவாராயின், அக்கல்வி அரைக் கல்வியே. நம் கரையின் மணலிலுள்ள மூலகங்கள் கடல் கடந்து சென்று பிறர் அறிவாற் கருவியாகித் திரும்பி வருகின்றன. அக்கருவியின் தொழிலை உணர்ந்து, கழுவத் தக்கதைக் கழுவி, கழுவத் தகாததை மாற்றி, அதற்கு முன்னுள்ள பிழையைத் தேடித் திருத்தும் அறிவேனும் நம்மவரிடம் வளர்தல் வேண்டும். அதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. காரணத்தை வினவும் பழக்கம் ஒன்றே போதும்.