40 கண்ணிகள் 47 ஆன கதை

பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போதெல்லாம் பாட்டிக்கு ஒரே குறைதான். "டாக்டரைப் பார்க்கிறதுக்குள்ள இந்த ஏசி குளிர்லயே எனக்குக் காய்ச்சல் வந்துடும்" என்பார். உயர்நிலை நான்கு தேர்வுகள் முடிந்த விடுமுறையில், என் கையாலேயே ஒரு சால்வை பின்னித் தருவதாக அவரிடம் சொல்லிவிட்டேன். அதற்கு முன்பு நான் பின்னல் ஊசியைத் தொட்டதுகூட இல்லை.

காணொளி பார்த்து 40 கண்ணிகளுடன் தொடங்கினேன். ஓர் அடி வளர்ந்ததும் எண்ணினால் 47 இருந்தன. சால்வை முறம்போல் ஒரு பக்கம் விரிந்துகொண்டே போயிருந்தது. தவறு எங்கே என்று தெரியவில்லை, அவ்வளவையும் பிரிக்க மனமும் வரவில்லை. பைக்குள் திணித்து அலமாரியில் வைத்தேன். இரண்டு ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. பாட்டி ஒருமுறைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். சென்ற விடுமுறையில் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியிடம் அந்தப் பையைக் காட்டினேன். சிரித்துவிட்டு, வரிசையின் தொடக்கத்தைச் சுட்டிக்காட்டினார். நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்துவிட்டால், முதல் கண்ணி இரண்டு கண்ணிகளாகத் தெரியும். நான் இரண்டையும் பின்னி வைத்திருந்தேன். ஏழு முறை!

சால்வையை ஓரமாக வைக்கச் சொன்னவர், பாத்திரம் துடைக்கும் துணி ஒன்றைப் பின்னச் சொன்னார். மூலையில் 4 கண்ணிகளுடன் தொடங்கி, ஒவ்வொரு வரிசையிலும் நூலை ஊசியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கண்ணி கூடும். 50 வந்ததும், வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து மீண்டும் 4க்கு வர வேண்டும். தடித்த பருத்தி நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் இருந்தால் ஏறத்தாழ 20 செண்டிமீட்டர் சதுரம் கிடைக்கும். என் சால்வையைக் கெடுத்த அதே கூடுதல் கண்ணி, இங்கே ஓரத்தில் வரிசையாகத் துளைகள் போட்டு அழகாக நின்றது. தெரியாமல் செய்தால் தவறு, தெரிந்து செய்தால் உத்தி. மூன்று மாலைகளில் முடித்தேன். நடுவில் இரண்டு முறை முழுவதும் பிரித்தேன், வலிக்கவில்லை. சிறிய துண்டில் ஒரு மாலைதானே போகிறது?

இரண்டாவது சதுரத்தில் முன்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னினேன். முடித்துக் கீழே வைத்ததும் அப்பளம்போல் சுருண்டுகொண்டது. பாட்டியின் வீடு பஃபலோ ரோட்டில் இருக்கிறது. அங்கே போகும் வழியில், தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் உள்ள தையல்காரர் ஒருவரிடம் அதைக் காட்டி, "ஏண்ணே இப்படிச் சுருளுது?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு பழைய டி-சட்டையின் கீழ் ஓரத்தை வெட்டினார். அதுவும் சுருண்டது!

வீட்டில் உங்கள் உடற்கல்வி டி-சட்டையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் சின்னச் சின்ன 'வி' வடிவங்கள், உள்பக்கம் மேடுகள். நிட்டும் பர்லும்தான். பள்ளிச் சீருடைச் சட்டை நெய்த துணி, டி-சட்டை பின்னிய துணி. அதனால்தான் அது இழுபடுகிறது. திருப்பூரைப் 'பின்னலாடை நகரம்' என்பதும் இதனால்தான். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. கழுத்துப்பட்டை வைத்த டி-சட்டையில் அந்தப் பட்டையை நிட்டும் பர்லுமாகக் கலந்து பின்னியிருப்பார்கள், அது சுருளாது. அதைப் பார்த்துத்தான் மூன்றாவது சதுரத்துக்குச் சுற்றிலும் கரை வைத்தேன். பின்னல் குளிர்நாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், அதை உடம்பிலேயே போட்டுக்கொண்டு!

கயிறு முறுக்கியதுபோல் தோன்றும் 'கேபிள்' பார்க்கத்தான் பயமுறுத்தும். ஆறு கண்ணிகளில் முதல் மூன்றை ஒரு சாப்ஸ்டிக்கில் மாட்டி முன்னால் நிறுத்திவிட்டு, அடுத்த மூன்றை முதலில் பின்ன வேண்டும். பிறகு சாப்ஸ்டிக்கில் இருப்பவற்றைப் பின்ன வேண்டும். அவ்வளவுதான். இரு வண்ணப் பின்னலில் மட்டும் தோற்றேன். பின்னால் ஓடும் நூலை இறுக்கி இழுத்ததால், அந்தச் சதுரம் சுருங்கிப்போனது.

தொடங்க நினைப்பவர்கள் பருத்தி நூலையே வாங்குங்கள். நம் ஊர் வெயிலில் வியர்த்த கைகளுக்கு அது ஏற்றது. வெளிர்நிறமாக இருக்கட்டும், கறுப்பில் கண்ணிகள் தெரியாது. லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஒரு நிறுத்தம் போனால் பிளாசா சிங்கப்பூராவில் ஸ்பாட்லைட் கடை. மூன்று நிறுத்தம் போனால் சைனாடவுன். அங்கே பீப்பள்ஸ் பார்க் சென்டரில் கோல்டன் டிராகன் ஸ்டோர். நூலகத்தில் 746.43 என்ற எண்ணுள்ள அடுக்கைத் தேடுங்கள். அசைவுகளுக்குக் காணொளி நல்லது, ஆனால் தவறு நடந்த இடத்தைப் படம் போட்டு விளக்குவது புத்தகம்தான்.

சால்வையைப் பிரித்துவிட்டேன். அதற்குப் பதிலாக 12 சதுரங்களை இணைத்து, பாட்டியின் மடிக்கு ஒரு போர்வை செய்கிறேன். ஒன்பது முடிந்துவிட்டன. சுருண்டுபோன அந்த இரண்டாவது சதுரம் கணக்கில் இல்லை. அதைப் பாட்டி எடுத்துக்கொண்டு, காப்பி டம்ளருக்கு அடியில் வைத்திருக்கிறார். அவருடைய அடுத்த மருந்தகச் சந்திப்பு நவம்பரில்.