திருமலையில் வெண்கலச் சிலை, திரையில் கால இயந்திரம்: 'ஆதித்யா 369' இன்றும் பேசப்படுவது ஏன்?

திருப்பதி: திருமலை ஏழுமலையான் கோயிலின் மகாதுவாரத்தைக் கடந்து உள்ளே நுழையும் பக்தர்களின் வலப்புறத்தில், கைகூப்பிய நிலையில் மூன்று உருவங்கள் நிற்கின்றன. நடுவில் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர்; இருபுறமும் அவரது தேவியரான திருமலாதேவியும் சின்னாதேவியும். 1513 முதல் 1521 வரை ஏழு முறை இம்மலைக்கு வந்த மன்னர் அவர்.

அதே மன்னர், 1991-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி வெளியான தெலுங்குப் படம் ஒன்றில், 20-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்து இறங்கிய ஓர் இளைஞனைத் தமது அரசவையில் எதிர்கொண்டார். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய 'ஆதித்யா 369' தான் அந்தப் படம். தமிழில் 'அபூர்வ சக்தி 369' என்ற பெயரில் மொழிமாற்றம் செய்யப்பட்டது. 4கே தரத்தில் மெருகூட்டப்பட்டு 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி மீண்டும் திரைக்கு வந்தது.

ராஜா ராணிக் கதையையும் அறிவியல் புனைவையும் ஒரே படத்தில் இணைப்பது எளிதன்று. இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துவிடக் கூடியவை. மந்திரம் எதையும் செய்யும் என்றால், இயந்திரத்துக்கு அங்கு வேலையில்லை. இயந்திரம் அனைத்தையும் விளக்கிவிட்டால், மந்திரத்தின் மயக்கம் கலைந்துவிடும். பீட்டர் யேட்ஸ் இயக்கத்தில் 1983-இல் வெளிவந்த 'க்ரல்' என்ற ஆங்கிலப் படம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வாளும் கோட்டையும் கொண்ட கற்பனை நாட்டின் மீது வேற்றுலகப் படை தாக்குதல் நடத்துகிறது. ஐந்து கத்திகள் கொண்ட மாய ஆயுதத்துடன் இளவரசன் போரிடுகிறான். பிரம்மாண்டமான அரங்குகள் இருந்தும் படம் வசூலில் தோல்வியுற்றது. அந்த நாட்டின் மீது பார்வையாளருக்கு முன்பே எந்தப் பற்றும் இல்லை என்பது ஒரு முக்கியக் குறை. எல்லாவற்றையும் புதிதாகச் சொல்லி, புதிதாக நம்ப வைக்க வேண்டியிருந்தது.

சிங்கீதத்துக்கு அந்தச் சுமை இல்லை. அவர் ஒரு நாட்டைக் கற்பனை செய்யவில்லை. மக்கள் நாள்தோறும் நினைவில் வைத்திருக்கும் நாட்டை எடுத்துக்கொண்டார்.

பின்னோக்கிச் சென்ற இயந்திரம்

எச்.ஜி. வெல்ஸ் 1895-இல் எழுதிய 'கால இயந்திரம்' நாவலே இப்படத்துக்குத் தூண்டுகோல். ஆனால், வெல்ஸின் பயணி செல்வது எதிர்காலத்துக்கு, 8,02,701-ஆம் ஆண்டுக்கு. தெலுங்குப் படத்தின் இயந்திரமோ முதலில் பின்னோக்கிச் செல்கிறது. அது சென்று நிற்கும் ஆண்டு 1526. கிருஷ்ணதேவராயர் மறைவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. பேரரசை நிலைகுலைய வைத்த 1565-ஆம் ஆண்டின் தலைக்கோட்டைப் போருக்கு 39 ஆண்டுகள் முன்பு. அவையில் இருப்பவர் எவருக்கும் வரப்போவது தெரியாது, பார்வையாளருக்குத் தெரியும்.

பேராசிரியர் ராம்தாஸாக டினு ஆனந்த், நாயகியாக மோகினி, அரும்பொருள்களைக் கவர்ந்து சேர்க்கும் செல்வந்தராக அம்ரீஷ் பூரி ஆகியோர் நடித்தனர். நாயகன் கிருஷ்ணகுமார், மன்னர் கிருஷ்ணதேவராயர் ஆகிய இரு வேடங்களையும் நந்தமூரி பாலகிருஷ்ணா ஏற்றார். கதையின் அச்சு, ராயர் காலத்து வைரம் ஒன்று.

இந்த வைரம் வெறும் கற்பனைச் சரடு அன்று. ராயலசீமைப் பகுதி வைரம் விளைந்த பூமி. விஜயநகரத்தில் தங்கியிருந்த போர்த்துகீசியரான பெர்னாவ் நூனிஸ், பேரரசின் வைரச் சுரங்கங்களைப் பற்றி எழுதிச் சென்றிருக்கிறார். அனந்தபுரம் மாவட்டம் வஜ்ரகரூர் சுற்றுவட்டாரத்தில் மழை பெய்து ஓய்ந்ததும் வைரக்கல் தேடி வயல்வெளிகளில் மக்கள் திரளும் வழக்கம் இன்றும் உண்டு. அப்பகுதிப் பார்வையாளருக்கு, கால இயந்திரம் மட்டுமே நம்பப்பட வேண்டிய புதுமையாக இருந்தது. வைரத்தை அவர்கள் ஏற்கெனவே நம்பியிருந்தனர்.

தந்தை அணிந்த மகுடம்

மன்னரின் முகமும் புதியதன்று. பி.எஸ். ரங்கா இயக்கத்தில் 1956-இல் தமிழிலும் தெலுங்கிலும் உருவான தெனாலிராமன் கதையில் கிருஷ்ணதேவராயராகத் தோன்றியவர் என்.டி. ராமாராவ். தமிழில் சிவாஜி கணேசன் தெனாலிராமனாக நடித்தார். 1962-இல் வெளியான 'மகாமந்திரி திம்மருசு' படத்திலும் என்.டி.ஆரே ராயர். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அவர் மகன் அதே மகுடத்தைச் சூடியபோது, திரையரங்கில் இருந்தவர்கள் வரலாற்றை மட்டுமல்ல, தங்கள் பழைய திரைநினைவையும் சேர்த்தே கண்டனர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் நகரி, விஜயபுரம், சத்தியவேடு போன்ற எல்லைப் பகுதிகளுக்கு இந்த இரட்டை நினைவு இயல்பாகவே பொருந்தும்.

இளையராஜாவின் இசையும் இதே வழியில் சென்றது. அரண்மனைப் பின்னணியில் வரும் பாடலுக்கு எஸ்.பி. பாலசுப்ரமணியத்துடன் பழம்பெரும் பாடகி ஜிக்கியைப் பாட வைத்தார். 1950-களின் குரல் ஒலித்த மாத்திரத்தில் காலம் பின்னோக்கி நகர்ந்துவிடுகிறது. அதற்கு எந்தத் தந்திரக் காட்சியும் தேவைப்படவில்லை. பி.சி. ஸ்ரீராம், வி.எஸ்.ஆர். சுவாமி, கபீர் லால் என மூன்று ஒளிப்பதிவாளர்கள் பணியாற்றியதால், வெவ்வேறு காலங்களுக்கு வெவ்வேறு நிறமும் அமைந்தது.

பின்னர் இயந்திரம் 2504-ஆம் ஆண்டுக்குப் பாய்கிறது. கதிர்வீச்சால் நிலப்பரப்பு வாழத் தகுதியற்றுப் போக, மனிதர்கள் பூமிக்கடியில் வாழ்கின்றனர். எண்ணம் வலுவானது. ஆயினும் இன்று பார்க்கும்போது, மின்னும் உடைகளும் விளக்குப் பலகைகளும் கொண்ட இந்தப் பகுதிதான் பழையதாகத் தெரிகிறது. 1526-இன் அரசவையோ அப்படித் தெரிவதில்லை. எதிர்காலத்தை 1991-ஆம் ஆண்டின் கண்ணால்தான் உருவாக்க முடிந்தது. கடந்த காலத்துக்கு ஐந்நூறு ஆண்டு நினைவு துணை நின்றது.

மாயாபஜார் பள்ளி

இந்தக் கலவை சிங்கீதத்துக்கு எங்கிருந்து வந்தது? 1931-இல் நெல்லூர் மாவட்டம் உதயகிரியில் பிறந்த அவர், 'பாதாள பைரவி' (1951), 'மாயாபஜார்' (1957) ஆகியவற்றை இயக்கிய கே.வி. ரெட்டியிடம் உதவி இயக்குநராகப் பயின்றவர். 'மாயாபஜார்' படத்தில் அவரும் பணியாற்றினார். தமிழ் ரசிகர்கள் அவரை 'ராஜபார்வை', 'அபூர்வ சகோதரர்கள்', 'மைக்கேல் மதன காமராஜன்' படங்களின் இயக்குநராக அறிவர். கால இயந்திரத்துக்குப் பிறகு, 1994-இல் அதே பாலகிருஷ்ணாவை வைத்து 'பைரவ தீவம்' என்ற முழு மாயாஜாலப் படத்தையும் அவர் எடுத்தார். அறிவியலுக்கும் மந்திரத்துக்கும் இடையே அவர் பெரிய சுவர் எழுப்பிக்கொள்ளவில்லை.

தமிழிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. வேற்றுலகவாசி ஒருவன் கலைக்காக நாயகியைக் கடத்திச் செல்லும் 'கலை அரசி' (1963) எம்.ஜி.ஆர்., பானுமதி நடிப்பில் வந்தது. செல்வராகவனின் 'இரண்டாம் உலகம்' (2013) முற்றிலும் புதிய உலகைப் படைக்கத் துணிந்து, வரவேற்பின்றிப் போனது. 'க்ரல்' எதிர்கொண்ட அதே இடர்ப்பாடு இதற்கும் நேர்ந்தது எனலாம்.

2024-ஆம் ஆண்டு ஜூன் 27-இல் வெளியான 'கல்கி 2898 ஏடி' படத்தில், மகாபாரதத்தின் அஸ்வத்தாமன் பறக்கும் ஊர்திகளுக்கு நடுவே போரிட்டபோது, சிங்கீதம் வகுத்த பாதை தெளிவாகத் தெரிந்தது. இயக்குநர் நாக் அஸ்வினுக்கு அப்படத்தில் வழிகாட்டியாக இருந்தவரும் அவரே.

'ஆதித்யா 999' என்ற பெயரில் தொடர்ச்சி எடுப்பது குறித்து பாலகிருஷ்ணா பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார். அந்த இயந்திரம் 1565-க்குப் பிந்தைய காலத்தில் இறங்க நேர்ந்தால், ஹம்பி பாழடைந்து கிடக்கும். பேரரசின் எஞ்சிய காலத்துக்குத் தலைநகர்களுள் ஒன்றாக விளங்கிய சந்திரகிரி, திருப்பதிக்கு அருகிலேயே இருக்கிறது. அங்குள்ள ராஜமகால் இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.