மீண்டும் மிதிவண்டி ஏறலாமா?

கால் அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பின் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வருவோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்பதுண்டு. சுவாமிமலைக் கோயிலின் 60 படிகளை ஏற முடியுமா என்பது ஒன்று. பழையபடி சைக்கிளில் வயலுக்கோ கடைத்தெருவுக்கோ போகலாமா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியை நோயாளி கேட்டு முடிப்பதற்குள், “அதெல்லாம் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்” என்று உடன் வந்தவர் சொல்லிவிடுகிறார். அந்த அச்சம் இயல்பானது. ஆயினும் பலருக்கு எங்கள் பதில், ‘போகலாம்’ என்பதே.

2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் ஆந்திரத்தைச் சேர்ந்த அர்ஷத் ஷேக்கும் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஜோதி கடேரியாவும் மிதிவண்டிப் போட்டிகளில் கலந்துகொண்டனர். இருவரும் விபத்தில் ஒரு காலை இழந்தவர்கள். பாராலிம்பிக் மிதிவண்டிப் போட்டியில் இந்தியர் பங்கேற்றது அதுவே முதல்முறை. பதக்கம் கிட்டவில்லை, ஒரு மருத்துவனாக எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

இப்போட்டிகளில் வீரர்களை வகைப்படுத்தும் முறை நோயாளிகளுக்கும் பயன்படக்கூடியது. எந்த உறுப்பு போயிற்று என்பதோடு நில்லாமல், எஞ்சியுள்ள தசை வலிமை, மூட்டசைவு, சமநிலை ஆகியவற்றையும் சோதிக்கிறார்கள். வழக்கமான இருசக்கர மிதிவண்டியை ஓட்டக்கூடியவர்களுக்கு சி1 முதல் சி5 வரை. எண் குறையக் குறையப் பாதிப்பு அதிகம். இவர்களுள் செயற்கைக் கால் பொருத்தி மிதிப்போரும் உண்டு, அதைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலால் மிதிப்போரும் உண்டு. பக்கவாதம், மூளை முடக்குவாதம் போன்றவற்றால் சமநிலை குன்றியோருக்கு மூன்று சக்கர மிதிவண்டி. பார்வையற்றோர் இருவர் ஓட்டும் வண்டியில் பின்னிருக்கையில் அமர்ந்து மிதிக்க, முன்னிருப்பவர் வழி பார்த்துச் செலுத்துவார். கால்கள் செயலிழந்தோருக்குக் கைகளால் சுற்றும் வண்டி. நம் தெருக்களில் காணும் மூன்று சக்கர வண்டிக்கு நெருங்கிய உறவு, ஆனால் பெரும்பாலும் படுத்த நிலையில் ஓட்டுவது. கார்ப் பந்தய வீரர் அலெக்ஸ் சனார்டி 2001இல் நிகழ்ந்த விபத்தில் இரு கால்களையும் இழந்தபின், இவ்வண்டியில் 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் தங்கம் வென்றார்.

நமக்குப் பந்தயம் தேவையில்லை. தையல் பிரித்து, தண்டுப்பகுதி முழுமையாக ஆறிய பின், முதலில் நிலையாகப் பொருத்திய உடற்பயிற்சி மிதிவண்டியில் தொடங்குகிறோம். முழங்கால் முழுதும் மடங்காதவர்களுக்கு, பெடலைத் தாங்கும் கம்பியின் நீளத்தைக் குறைத்தால் குறைந்த மடக்கத்திலேயே மிதிக்க இயலும்.

எச்சரிக்கையும் வேண்டும். நீரிழிவால் கால் இழந்தவரின் மற்றொரு காலிலும் உணர்ச்சி குறைந்திருக்கலாம். ஓட்டி முடித்ததும் பாதத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். சர்க்கரை தாழ்ந்தால் உண்ணக் கையோடு ஏதேனும் இனிப்பு இருக்கட்டும். தண்டுவடக் காயமுள்ளோருக்குக் காயத்துக்குக் கீழே வியர்வை சுரப்பது குறைவு. சித்திரை வெயிலில் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். டெல்டாச் சாலைகள் சமதளமானவை என்பது நமக்கு அனுகூலம். ஆனால் அறுவடைக் காலத்தில் தாரின்மேல் உலர்த்தும் நெல்லில் சக்கரம் வழுக்கும். அந்நாள்களில் அவ்வழியைத் தவிருங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது செயற்கைக் காலுடன் வழக்கமாக அணியும் செருப்பையும் கொண்டுவாருங்கள். மிதிவண்டியையே கொண்டுவர முடிந்தால் இருக்கையின் உயரத்தை அங்கேயே சரிபார்த்துவிடலாம்.