மாடியில் குதிரை, கூரையில் பூந்தோட்டம்: ஜப்ரீன் கோட்டை தெரியுமா?

கோட்டை வாசலை உடைக்க வரும் எதிரியின் தலையில் எண்ணெய்க்குப் பதில் பேரீச்சம்பழப் பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய நாடு ஒன்று உண்டு, தெரியுமா? ஓமன்!

அங்கே பஹ்லா நகருக்குப் பக்கத்தில், ஈச்சந்தோப்புகளை ஒட்டி நிற்கிறது ஜப்ரீன் கோட்டை. 1670-களில் இதைக் கட்டியவர், இமாம் என்ற பட்டத்தோடு ஓமனை ஆண்ட பில்அரப் பின் சுல்தான். அவருடைய அப்பா யார் தெரியுமா? 1650-இல் போர்ச்சுக்கீசியரை மஸ்கட்டை விட்டே துரத்திய சுல்தான் பின் சைஃப்! அப்பா வாளெடுத்தார், மகன் மாணவர்களைச் சேர்த்து, மார்க்கக் கல்வி சொல்லித்தரும் இடமாகவே கோட்டையை ஆக்கினார்.

முதலில் பேரீச்சம்பழக் கிடங்கைப் பாருங்கள். தரை முழுக்க வரிவரியாக மேடு, நடுநடுவே சின்ன வாய்க்கால்கள். ஈச்ச ஓலைப் பைகளில் பழத்தைத் திணித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். அவ்வளவுதான் வேலை! மேலே இருக்கும் பைகளின் கனத்திலேயே அடியில் உள்ள பழம் நசுங்கும், பாகு கசியும், வாய்க்கால் வழியே வழிந்து ஜாடிக்குள் போய்ச் சேரும். செக்கு இல்லை, மாடு இல்லை, கை வைக்கக்கூட ஆள் வேண்டாம். சாப்பாட்டுக்கும் அதே பாகு, சண்டைக்கும் அதே பாகு!

அடுத்து, சூரிய சந்திர மண்டபம். 14 ஜன்னல்கள்: கீழ் வரிசையில் ஏழு, மேல் வரிசையில் ஏழு. கீழே குளிர்ந்த காற்று நுழையும். சூடான காற்று மேலெழுந்து மேல் ஜன்னல் வழியே வெளியேறும். பாலைவன வெயிலைச் சமாளிக்க மின்விசிறிக்கு முந்தைய காலத்து ஏற்பாடு இது. அண்ணாந்து பார்த்தால் மரக்கூரை முழுக்கப் பூவும் கொடியுமாக வண்ண ஓவியம். என்னைக் கேட்டால், ஓமன் கோட்டைகளிலேயே அழகான கூரை இதுதான்.

இமாமின் குதிரைக்கு எங்கே அறை தெரியுமா? மாடியில்! விருந்தினரைச் சந்திக்கும் அறை ஒன்றின் தரைக்கு அடியில் காவலர் பதுங்கக் குழிகள் வேறு. வந்தவன் கத்தியை உருவினால், அவன் காலடியிலிருந்தே ஆள் கிளம்புவான்!

ஆனால் இத்தனை காவலும் கூடப்பிறந்தவனுக்கு எதிராக உதவவில்லை. தம்பி சைஃப் ஆட்சிக்குப் போட்டியாகக் கிளம்பி முற்றுகையிட, 1692-இல் பில்அரப் இங்கேயே இறந்துபோனார். கட்டிய கோட்டைக்குள்ளேயே அவருக்குக் கல்லறை. 

மஸ்கட்டில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் இருந்தால் விடாதீர்கள். காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதல்தான். நிஸ்வா கோட்டையும், 1987-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பஹ்லா கோட்டையும் அதே வழியில் வரும். மூன்றுக்கும் நேரம் இல்லை என்றால், நேராக ஜப்ரீனுக்கே வண்டியை விடச் சொல்லுங்கள்!