மணற்பாங்கான தோட்டங்களில் தென்னையைத் தாக்கும் தஞ்சாவூர் வாடல் நோய்

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான் என்பது நம் கிராமங்களில் வழங்கும் பழமொழி. வைத்தவன் காலத்திலேயே பலன் தரும் மரம் தென்னை என்பது இதன் பொருள். ஆனால் காய்ப்பின் உச்சத்தில், பத்து முதல் முப்பது வயதுக்குள் நிற்கும் மரங்கள் ஒவ்வொன்றாக மட்டை தொங்கிச் சாகும் தோட்டங்கள் கடற்கரை மாவட்டங்களில் பல உண்டு. ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 70 மரங்களே கொள்ளும். அதில் ஐந்து மரம் போனாலும் சிறு விவசாயிக்கு அது பெரிய இழப்பு. போன மரத்தின் இடத்தில் புதுக் கன்று வைத்து அது காய்க்கும் வரை பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இந்நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றும் அடித்தண்டு அழுகல் நோய் என்றும் பெயர். 1952-ல் தஞ்சை மாவட்டக் கடலோரத்தைப் புயல் தாக்கிய பின்னர்தான் இது பெருமளவில் கவனத்துக்கு வந்தது. மாவட்டத்தின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. இன்று தமிழ்நாட்டின் மற்றத் தென்னை மாவட்டங்களிலும், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலும் இது காணப்படுகிறது. கேரளத்தில் பரவலாக உள்ள வேர் வாடல் நோய் இதனின்றும் வேறானது. அதற்குக் காரணமும் வேறு.

நோய்க்குக் காரணம் என்ன?

கானோடெர்மா லூசிடம் என்னும் பூசணமே இந்நோயை உண்டாக்குகிறது. இது மண்ணில் வாழ்வது. பட்ட மரத்தின் தூரிலும் அழுகிய வேரிலும் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். நல்ல மரத்தின் வேர் அவ்விடத்தைத் தொடும்போது அந்த வேர் வழியே ஏறி, தூரை அடைந்து, தண்டின் அடிப்பகுதியை உள்ளிருந்து அழுகச் செய்கிறது. வேர் அழுகியபின் மரம் தண்ணீரை உறிஞ்ச முடிவதில்லை. தண்ணீர் பாய்ச்சியும் மரம் வாடுவது இதனால்தான். கமுகு, புங்கன், சவுக்கு முதலிய மரங்களையும் இப்பூசணம் தாக்கக் கூடியது. ஆகையால் தோட்டத்து ஓரத்தில் நிற்கும் இம்மரங்களின் பட்டுப்போன தூர்களையும் கவனிக்க வேண்டும்.

மணல் நிலத்தில் ஏன் அதிகம்?

பூசணம் எல்லா மண்ணிலும் இருக்கலாம். ஆனால் மணலும் மணற்சாரியுமான நிலங்களில், அதிலும் கோடையில் தண்ணீர் கிடைக்காத மானாவாரித் தோட்டங்களில், நோய் கடுமையாக இருக்கிறது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவதாக, மணல் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. ஈரம் குறைந்தால் மரம் தளர்கிறது, தளர்ந்த வேரில் பூசணம் எளிதில் நுழைகிறது. இரண்டாவதாக, மணலில் மக்கிய பொருள் குறைவு. மக்கு குறைந்த மண்ணில், கெட்ட பூசணத்தை எதிர்த்து வாழும் நல்ல நுண்ணுயிர்களும் குறைவாகவே இருக்கும். மூன்றாவதாக, மணலில் சாம்பல் சத்து நிற்பதில்லை. மழையோடு கீழே இறங்கிவிடுகிறது. தென்னைக்கு மற்றெல்லாச் சத்துக்களையும் விட இதுவே அதிகம் தேவை.

எனவே இந்நோய்க்கு மருந்து மட்டும் போதாது. மண்ணைத் திருத்துவதே முதல் வைத்தியம்.

அறிகுறிகள்

தூரிலிருந்து சில அடி உயரத்துக்குள் தண்டில் சிறு வெடிப்பு தோன்றி, செம்பழுப்பு நிறச் சாறு கசியும். காய்ந்தபின் இது கருத்த கறையாகப் படியும். நோய் முற்ற முற்ற இக்கசிவு பத்தடி வரை மேலேறும். சில மரங்களில் கசிவு இல்லாமலே மற்ற அறிகுறிகள் வரக்கூடும்.

அடி மட்டைகள் மஞ்சளித்து, வாடி, தண்டை ஒட்டித் தொங்கும். குருத்தும் நடு மட்டைகளும் சிறிது காலம் பச்சையாகவே நிற்கும். குரும்பை உதிரும், காய் சிறுக்கும், பாளை குறையும். பின்னர் புதிய மட்டைகள் குட்டையாகி, கொண்டை சிறுத்து, இறுதியில் காற்றில் முறிந்து விழும். தூர் அருகே வேரைத் தோண்டிப் பார்த்தால் அழுகி நிறம் மாறியிருக்கும். மழைக் காலத்தில் சில மரங்களின் அடியில் தட்டுப் போன்ற காளான் முளைக்கும். அதன் மேற்புறம் மெருகிட்ட செம்பழுப்பு; அடிப்புறம் வெள்ளை.

சாறு கசிவதையெல்லாம் இந்நோய் என்று எண்ணிவிடக் கூடாது. சாறு வடிதல் நோய் என்று வேறொன்று உண்டு. அதில் கசிவு தண்டின் எப்பகுதியிலும் காணப்படலாம்; வேர் அழுகல் இராது. சிவப்புக் கூன்வண்டு தாக்கினாலும் சாறு வடியும். ஆனால் அங்கே துளையும், புழு மென்று தள்ளிய நாரும் தெரியும். இன்னதென்று தெரியாமல் மருந்துக்குச் செலவிடுவது வீண்.

வெட்டுவதா, வைத்தியம் செய்வதா?

விவசாயி தடுமாறும் இடம் இதுதான். கொண்டையில் இன்னும் இருபது முப்பது காய் தொங்கும் மரத்தை வெட்ட எவருக்கும் மனம் வராது. ஆனால் அந்த மரத்தின் வேர் பக்கத்து மரங்களின் வேரோடு மண்ணுக்குள் உறவாடிக்கொண்டிருக்கிறது. இந்த ஆண்டு அதில் கிடைக்கும் காயையும், அடுத்து நிற்கும் நான்கு மரங்களின் ஆயுளையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கசிவு தூர்ப்பகுதியில் மட்டும் இருந்து, அடி மட்டைகள் சில மட்டும் வாடியிருந்தால் வைத்தியம் செய்யலாம். நடு மட்டைகளும் தொங்கி, கொண்டை சிறுத்துவிட்ட மரம் பிழைக்காது. அதற்கு மருந்திடும் பணத்தை மற்ற மரங்களுக்கு எருவிடச் செலவிடுவதே இலாபம்.

அகற்ற வேண்டிய மரத்தைத் தரையோடு அறுத்துவிட்டுத் தூரை மண்ணில் விட்டால் பயனில்லை. நோய் இருப்பது தூரில்தான். தூரையும் வேர்களையும் தோண்டி எடுத்து அங்கேயே எரிக்க வேண்டும். நோய்கண்ட தூரை வாய்க்கால் பாலமாகவோ வரப்பு அணையாகவோ போடுவது, நோயைக் கையோடு கொண்டுபோய் நடுவதற்கு ஒப்பாகும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் வட்டாரங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அப்போது விழுந்த மரங்களை அப்புறப்படுத்தியும், தூரைத் தோண்டாமல் விட்ட தோட்டங்கள் உண்டு. அத்தகைய தூர்களுக்கு அருகிலேயே நட்ட கன்றுகள் வளர்ந்து வேரோடும் காலம் இது. 1952-க்குப் பின் நேர்ந்ததை எண்ணி, பழைய தூர் இருப்பின் இந்தக் கோடையிலேயே எடுத்துவிடுவது நலம். பொக்லைன் வைத்து எடுப்பதானால் அண்டை அயலார் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் செய்தால் வாடகை குறையும்.

நோய் பரவாமல் தடுத்தல்

நோய்கண்ட மரத்தைச் சுற்றி, அடிமரத்திலிருந்து சுமார் 4 அடி தள்ளி, 2 அடி ஆழமும் 1 அடி அகலமும் உள்ள குழி வெட்டி அதைத் தனிப்படுத்த வேண்டும். வேரோடு வேர் தொடுவதை இது தடுக்கும்.

ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்குத் தண்ணீர் ஓடும்படி பாய்ச்சக் கூடாது. இரு வரிசைக்கு நடுவே வாய்க்கால் அமைத்து, அதிலிருந்து ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியே கிளை வெட்டி விட வேண்டும். சொட்டுநீர் அமைத்தால் மேலும் நல்லது. நோயுள்ள தோட்டத்தில் ஆழ உழுவதால் வேர் அறுந்து, அறுந்த வாய் வழியே பூசணம் புகும். ஆகையால் உழவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மண்ணைத் திருத்தும் முறை

மணலுக்கு ஏரி வண்டல் நல்ல மருந்து. கோடையில் கிடைக்கும்போது பாத்திகளில் இட்டுக் கலக்கலாம். மரத்தைச் சுற்றி 6 அடி ஆரமுள்ள வட்டப்பாத்தி எடுத்து, உரித்த தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேல்நோக்கி அடுக்கி மண்ணால் மூடினால், மழை நீரைக் குடித்து வைத்துக்கொண்டு வேருக்குச் சிறிது சிறிதாகத் தரும். பருவ மழை தொடங்கும்போது பாத்திக்கு 50 கிராம் சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதையைத் தூவி, பூக்கும் முன் மடக்கி மண்ணில் சேர்த்தால் மக்கு பெருகும்.

மரம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் தொழு உரம் 50 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 5 கிலோ இட வேண்டும். இந்நோய்க்கு வேப்பம் பிண்ணாக்கு இன்றியமையாதது. காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ எனக் கணக்கிட்டு, ஆனி–ஆடியிலும் மார்கழி–தையிலும் இரு தவணைகளாக ஈரமுள்ள மண்ணில் இடலாம். வெறும் யூரியாவை மட்டும் இட்டுப் பொட்டாஷை விட்டுவிடும் வழக்கம் மரத்தை நோய்க்கு இளக்காரமாக்கும்.

கோடையில் மணல் நிலத்து மரத்துக்கு நான்கு நாட்களுக்கு ஒருமுறை சுமார் 200 லிட்டர் தண்ணீர் தேவை. தண்ணீர் வசதியுள்ள இடங்களில் ஊடே வாழை பயிரிடுவது நோயைக் குறைக்கிறது. வாழை நிழலில் மண் சூடேறாது, ஈரமும் நிற்கும்.

நன்மை செய்யும் பூசணம்

டிரைக்கோடெர்மா விரிடி என்னும் பூசணம் கானோடெர்மாவுக்குப் பகை. மரத்துக்கு ஆண்டுக்கு 200 கிராம் டிரைக்கோடெர்மாவும், 200 கிராம் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாத் தூளும் தொழு உரத்தோடும் வேப்பம் பிண்ணாக்கோடும் கலந்து பாத்தியில் இடலாம். இவை உயிருள்ளவை. வெயிலில் வைக்கக் கூடாது. காலாவதி நாளைப் பார்த்து வாங்க வேண்டும். காய்ந்த மணலில் இடாமல் ஈரம் பார்த்து இட வேண்டும். இரசாயன உரத்தோடும் பூசணக்கொல்லியோடும் சேர்த்து இடக் கூடாது. இடையே ஒரு மாதமாவது விட்டுவிடுவது நல்லது.

மருந்திடும் முறை

தொடக்க நிலையிலுள்ள மரத்துக்கும் அதன் அண்டை மரங்களுக்கும், ஒரு சத போர்டோக் கலவையை மரத்துக்கு 40 லிட்டர் வீதம் பாத்தி நனைய ஊற்றலாம். மயில் துத்தம் 1 கிலோவை 50 லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை மற்றொரு 50 லிட்டரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரமே ஏற்றது. நன்கு தேய்த்த இரும்புக் கத்தியைக் கலவையில் நனைத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலவையை அன்றன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

அத்துடன் வேர் வழியே மருந்து செலுத்தலாம். ஹெக்சகோனசோல் 2 மி.லி.யை 100 மி.லி. தண்ணீரில் கலந்து ஒரு பாலிதீன் பையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பென்சில் கனமுள்ள, உயிரோட்டமான வேர் ஒன்றைத் தேர்ந்து, நுனியைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாய் மருந்தில் மூழ்கும்படி பைக்குள் விட்டு நூலால் கட்டி மண்ணணைக்க வேண்டும். மறுநாள் மருந்து இறங்காதிருந்தால் அந்த வேர் உதவாது. வேறு வேர் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாக மும்முறை செலுத்தலாம். முற்றிய காய்களை முன்னரே பறித்துவிட்டு, மருந்திட்டபின் 45 நாட்களுக்கு அம்மரத்தில் காயோ இளநீரோ பறிக்கக் கூடாது.

முன்பு இந்நோய்க்குப் பரிந்துரைக்கப்பட்ட டிரைடெமார்ப் என்னும் மருந்தை மத்திய அரசு 2018-ல் தடை செய்துவிட்டது. பழைய துண்டறிக்கையைப் பார்த்து அதைக் கடைகளில் கேட்டு வாங்க வேண்டாம்.

முடிவாக, மாதம் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு தூரையும் குனிந்து பார்க்க வேண்டும். தேங்காய் விவசாயி பெரும்பாலும் அண்ணாந்தே பார்த்துப் பழகியவர். இந்நோய் கீழேயிருந்து வருவது. கொண்டையில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். கசிவு கண்ட மரத்தில் சுண்ணாம்பால் அடையாளம் இட்டு, தேதியைக் குறித்து வைத்து, வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரிடமோ, பட்டுக்கோட்டையை அடுத்த வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ கலந்து ஆலோசிக்கலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் சொல்லிவிடுவது அவசியம். வேலி நிலத்துக்கு மேலேதான் இருக்கிறது; வேர்களுக்கு வேலி கிடையாது.